போன கடிதத்துக்குப் பதில் எங்கே?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு டிரசர் ஐயாவைத் தெரியாமல் இருக்காது. காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, கசக்கக் கசக்கக் கொயினா மருந்தை விழுங்கவைத்த டிரசர்களைப் பற்றி நம் தாத்தாமார் கதை கதையாகச் சொல்வார்கள். வெட்டுக்கத்தி பட்ட காலுக்குக் கட்டுப் போட்டவர் அவர். நடுராத்திரியில் பிள்ளைக்கு இழுப்பு வந்தால் ஓடிப்போய்க் கதவைத் தட்டியதும் அவர் வீட்டில்தான். சட்டத்தில் அவருக்குத் ‘தோட்ட மருத்துவமனை உதவியாளர்’ என்று பெயர். ஆனால் லயத்து மக்களுக்கு அன்றும் இன்றும் அவர் ‘டிரசர்’தான்.

டிரசர் நமக்கு என்ன செய்யவில்லை என்பதைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். சாவடியில், கோயில் திண்ணையில், சாப்பாட்டுக் கடையில் எல்லாம் பேசியாயிற்று. அவர் தம் வேலையை ஒழுங்காகச் செய்ய நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் பேசியதே இல்லை. இந்த வாரம் அதைப் பேசுவோம்.

சில காலத்துக்கு முன் பேராக்கில் உட்புறமாக இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். அதில் பாதித் தூரம் செம்மண் சாலை. மழை பெய்தால் லாரியே வழுக்கும். தோட்டத்து மருந்தகத்தில் இருப்பது ஒரே டிரசர். வெளி டாக்டர் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் நோயாளியைப் பார்ப்பது, மருந்து கொடுப்பது, கணக்கு எழுதுவது, தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பது, கொசு மருந்து அடிக்கச் சொல்வது எல்லாம் இந்த ஒரு மனிதர்தான்.

அவர் நம்மிடம் ஒரு நீள நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

“பாருங்க சார். இடது பக்கம், நான் கடிதம் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவங்க. வலது பக்கம், அங்கேயிருந்து வந்த பதில்.”

இடது பக்கம் வரிவரியாக நிறைந்திருந்தது. வலது பக்கம் பெரும்பாலும் வெறும் வெள்ளையாக இருந்தது.

“அவங்க பதிலே எழுதுறதில்லையா?” என்று கேட்டோம்.

“அப்படிச் சொன்னா பாவம் சார். சில பேருக்கு எழுதிக் கொடுக்கிறாங்க. ஆனா அந்தக் கடுதாசி என்கிட்டே வர்றதில்லே. வீட்டில பிஸ்கட் டின்னுக்குள்ள, பிறப்புப் பத்திரத்தோட பத்திரமா இருக்கும்!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்து அவர் சொன்ன சம்பவத்தைக் கேட்ட பிறகு நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

அதே தோட்டத்தில் ஓர் அம்மா. புல்வெட்டு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் குலை வெட்டுகிறார். அம்மாவுக்கு இனிப்புநீர். பல ஆண்டுகளாக டிரசரிடம்தான் மாத்திரை வாங்கி வந்தார். காலில் புண் வந்து ஆறாமல் போகவே, டிரசர் கடிதம் எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே சில நாள் தங்கவைத்தார்கள். புண் ஆறத் தொடங்கியது. வேறு மாத்திரைகள் கொடுத்து, ஒரு தாளில் விவரம் எழுதி, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தத் தாள் டின்னுக்குள் போய்விட்டது. அம்மா ஆஸ்பத்திரி மாத்திரையையும் சாப்பிட்டார். வீட்டில் மீதமிருந்த டிரசரின் மாத்திரையையும் விடவில்லை. “அதுவும் இனிப்புநீருக்கு, இதுவும் இனிப்புநீருக்கு. ரெண்டும் சாப்பிட்டா சீக்கிரம் குணமாகும்” என்பது அவர் எண்ணம். ஆனால் இரண்டும் ஒரே மருந்து! கிளிக்கிளசைட் என்பது மருந்தின் பெயர். டயாமைக்ரோன் என்பது அதே மருந்துக்குக் கம்பெனி வைத்த பெயர். ஓர் அட்டையில் ஒரு பெயர், இன்னோர் அட்டையில் இன்னொரு பெயர். படித்தவர்களே தடுமாறும் இடம் இது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் மகன் எழுப்பினார். அம்மா எழவில்லை. உடம்பெல்லாம் வியர்வை. பேச்சில்லை. ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிட்டது. டிரசர் ஓடிவந்து சோதித்துப் பார்த்து, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, தோட்டத்து வண்டியில் அனுப்பிவைத்தார். இந்த வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிய பிறகும் மறுபடி இறங்கக்கூடியது. அதனால் கண் விழித்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது சரியான முடிவு. அம்மா பிழைத்தார்.

“அந்தத் தாளை ஒரு தடவை எனக்குக் காட்டியிருந்தா, ‘இது வேணாம்மா, அது மட்டும் சாப்பிடு’ன்னு ஒரே வார்த்தையில முடிஞ்சிருக்கும் சார்” என்றார் டிரசர்.

குற்றம் யாருடையது? அம்மாவுடையதா? அவருக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரியுடையதா? எழுதித்தான் கொடுத்தார்கள். டிரசருடையதா? அவருக்குத் தகவலே வரவில்லை. போன கடிதத்துக்குப் பதில் திரும்பி வரும் வழியை யாரும் போட்டுவைக்கவில்லை. ஓர் உயிர் போக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

இடையில் நிற்கும் மனிதர்

தோட்டத்து டிரசர் என்பவர் சும்மா மருந்து ஊற்றிக் கொடுக்கும் ஆள் அல்ல. 1965-ஆம் ஆண்டிலேயே இவர்களைப் பதிவு செய்வதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் வந்தது. தொழிலாளருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் சுகாதார, மருத்துவ வசதிகளை முதலாளி செய்துதர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டமும் சொல்கிறது. ஆகவே மருந்தகம் என்பது யாரோ போடும் பிச்சையல்ல, நம் உரிமை. அந்த உரிமையை நாள்தோறும் நடத்திக் காட்டுபவர்தான் டிரசர்.

ஆனால் அவர் நிற்கும் இடம் சங்கடமான இடம். சம்பளம் கொடுப்பது நிர்வாகம். நம்பி வருவது தொழிலாளி. ‘இன்றைக்கு வேலைக்குப் போகவேண்டாம்’ என்று துண்டு எழுதிக் கொடுத்தால், “ஏன் இத்தனை பேருக்குக் கொடுத்தீர்?” என்று ஆப்பீசில் கேள்வி. கொடுக்காவிட்டால், “தொரைக்குப் பயந்த ஆளு” என்று லயத்தில் ஏச்சு. இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் போன்ற நிலை.

இப்படிப்பட்டவரிடம் நிர்வாகம் பேசுவது கணக்குக் கேட்கும்போது மட்டும், தொழிலாளர் பேசுவது சண்டைக்கு மட்டும் என்று இருந்தால், அவர் என்ன ஆவார்? வாயை மூடிக்கொள்வார். மருந்து தீர்ந்துபோனதைக்கூடச் சொல்லமாட்டார். கடைசியில் நட்டப்படுவது யார்? நம் பிள்ளைகுட்டிகள்தாம்.

பிங்க் புத்தகம் சொல்லும் பாடம்

வழியே இல்லையா என்றால், வழி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

பிள்ளை உண்டான பெண்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு பிங்க் நிறப் புத்தகம் கொடுக்கிறார்கள் அல்லவா? அந்தப் புத்தகம் அந்தப் பெண்ணிடமே இருக்கும். கிளினிக் டேசாவில் மிஸ்ஸி பார்த்தாலும் அதில்தான் எழுதுவார். பெரிய டாக்டர் பார்த்தாலும் அதில்தான் எழுதுவார். ஆபத்து எவ்வளவு என்பதைக் காட்ட வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறக்குறி வைப்பார்கள். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு. எந்த நேரத்தில் எந்த ஊர்க் கதவைத் தட்டினாலும், அந்தப் பெண்ணின் முழுக் கதையும் அவள் கைப்பையில் இருக்கிறது.

1957-இல் நம் நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஏறத்தாழ 280 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 1990-களில் அது 20 அளவுக்கு இறங்கியது. சாலை, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி, ரத்த வங்கி, கிராமக் கிளினிக் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. சின்னக் கிளினிக்கும் பெரிய ஆஸ்பத்திரியும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதும் அவற்றில் ஒன்று. 1991-இல் இன்னொரு நல்ல காரியமும் தொடங்கியது. ஒரு தாய் இறந்தால், யாரைத் தண்டிக்கலாம் என்று தேடாமல், எந்த இடத்தில் தவறியது, அடுத்த தாயைக் காப்பாற்ற எதை மாற்றலாம் என்று உட்கார்ந்து ஆராயும் முறை அது. பழி போடும் இடத்தில் உண்மை வெளியே வராது என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு.

தாய்மாருக்கு ஆனது இனிப்புநீர்க்காரருக்கு ஆகாதா? ரத்தக் கொதிப்புக்காரருக்கு ஆகாதா? ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில் பெயர், நோய், ஒத்துக்கொள்ளாத மருந்து. அடுத்தடுத்த பக்கங்களில் எங்கே போனோம், என்ன சொன்னார்கள், எந்த மாத்திரையை நிறுத்தினார்கள், எதைச் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை அதிலேயே ஒட்டிவிட வேண்டும். வீடு திரும்பிய மறுநாளே அந்தப் புத்தகத்தையும், வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு டிரசரிடம் போக வேண்டும். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளைகள் எழுதிக்கொடுக்கலாமே!

டிரசரிடம் எப்படிச் சொல்வது?

“உடம்பு சரியில்லீங்க” என்று மட்டும் சொன்னால் டிரசர் என்ன செய்வார்? அவரிடம் எக்ஸ்ரே இல்லை, பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. நாம் சொல்லும் வார்த்தைதான் அவருக்கு எக்ஸ்ரே. ஐந்து விஷயங்களை மறைக்காமல் சொல்லுங்கள்: என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, அதற்கு முன் எங்கே போனோம், என்ன வேலை செய்தோம், என்ன மருந்து சாப்பிட்டோம், நாட்டு மருந்து உள்பட, இதற்கு முன் இப்படி வந்ததுண்டா.

மூன்றாவது விஷயத்தைப் பலர் சொல்வதே இல்லை. காய்ச்சல் என்று வருபவர், காட்டோரத்தில் வேலை செய்ததைச் சொல்ல வேண்டும். 2018-இல் நம் நாட்டில் உள்நாட்டிலேயே தொற்றிய மனித மலேரியா ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்பது பெருமைதான். ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் மலேரியா போகவில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் பிடிக்கிறது. கவனிக்காவிட்டால் சில நாட்களிலேயே ஆளைச் சாய்க்கக்கூடியது. அதேபோல, எலி நடமாடும் இடத்தில், தேங்கிய தண்ணீரில் வேலை செய்தவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். 2010-ஆம் ஆண்டு முதல் அது அரசாங்கத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். நீங்கள் சொன்னால்தான் டிரசர் சந்தேகப்படுவார். அவர் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குச் சொன்னால்தான் அடுத்த லயம் தப்பும்.

மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியை 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் மற்ற மருந்துகள் எல்லாம் பன்னீர் அல்ல. யாராவது மயங்கி விழுந்தால் ஆளைத் தூக்கிவரும்போது டின்னில் ஒட்டியிருக்கும் லேபிளையும் கொண்டுவாருங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் தேசிய நஞ்சு மையம் இயங்கி வருகிறது. மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால், தொலைபேசியிலேயே யோசனை சொல்கிறார்கள். பெயர் தெரியாவிட்டால் டிரசர் என்னவென்று கேட்பார்?

பாம்பு கடித்தாலும் அப்படித்தான். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் வேண்டாம். பாம்பைத் துரத்திக்கொண்டு ஓடவும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, உடனே தகவல் கொடுங்கள். விஷமுறிவு மருந்து தோட்டத்து மருந்தகத்தில் இருக்காது. டிரசர் முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டால், ஆள் போய்ச் சேரும்போது அங்கே தயாராக இருப்பார்கள். அந்த ஒரு தொலைபேசிப் பேச்சு அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தும். அரைமணி நேரம் என்பது சில சமயம் ஓர் உயிர்.

நிர்வாகத்துக்கு நாம் சொல்வது

கணக்குப் பார்க்கும் நிர்வாகத்தினர் ஒன்றை யோசிக்க வேண்டும். 1901-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரம் மலேரியாவால் சுடுகாடாகிக் கொண்டிருந்தபோது, டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத் தண்ணீரை வடியவைத்து நோயை அடக்கிக் காட்டினார். தோட்டங்களிலும் பின்னால் அந்த வேலை நடந்தது. சாகிற ஆளுக்குப் பதில் ஆள் தேடுவதைவிட, இருக்கிற ஆளைக் காப்பாற்றுவது மலிவு என்ற கணக்கு துரைமார்களுக்கு அன்றே புரிந்தது. இன்றைக்கு மட்டும் புரியாமலா போகும்?

டிரசருக்குச் செய்ய வேண்டியவை பெரிய செலவல்ல. மாதம் ஒருமுறை மேனேஜர் அவரை உட்காரவைத்து, “என்ன குறை? எந்த மருந்து தீரப்போகிறது?” என்று கேட்க வேண்டும். மருந்துப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதை நாள் கடத்தக்கூடாது. இரவில் வண்டி யார் ஓட்டுவது என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டிவைக்க வேண்டும். நோயாளியை வைத்துக்கொண்டு டிரைவரைத் தேடி அலையக்கூடாது. கைத்தொலைபேசி அலை எட்டாத இடமென்றால் மருந்தகத்துக்கு வேறு வழி செய்துகொடுக்க வேண்டும். அவர் விடுமுறையில் போனால் மாற்று ஆள் வேண்டும். புதிய சிகிச்சை முறைகளைக் கற்றுக்கொள்ளப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். யாருக்கு ஓய்வு தேவை என்று அவர் சொன்னால், அந்த முடிவில் ஆப்பீஸ் தலையிடக்கூடாது.

வேலையில் அடிபட்டால் சொக்சோவுக்கு 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. பின்னால் வழக்கு வந்தால், எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் அடி என்று டிரசர் எழுதிவைத்த நோட்டுத்தான் சாட்சி. அதனால் சின்ன அடியானாலும் அன்றைக்கே போய்ப் பதிந்துவிடுங்கள்.

நாமும் சங்கமும்

இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. சில இடங்களில் மருந்தகமே பூட்டிக் கிடக்கிறது. அங்கேயுள்ளவர்கள் போவது அரசாங்கக் கிளினிக் டேசாவுக்கு. அங்கிருக்கும் மிஸ்ஸியின் நிலையும் தோட்டத்து டிரசரின் நிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய அரசாங்கக் கிளினிக்குகளில் ஊர் மக்கள் அடங்கிய ஆலோசனைக் குழு உண்டு. அதில் நம் ஆட்கள் எத்தனை பேர்? இடம் கிடைத்தால் போய் உட்காருங்கள். வெளியில் நின்று குறை சொல்வதைவிட உள்ளே உட்கார்ந்து சொல்லும் வார்த்தைக்கு எடை அதிகம்.

தோட்டக் கமிட்டித் தலைவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரசரைக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசவைக்கலாம். குறை இருந்தால் நேரில் கேளுங்கள். முதுகுக்குப் பின்னால் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்கும் நம் விண்ணப்பம் உண்டு: நோயாளியை அனுப்பும்போது டிரசருக்கென்று தனியாக நாலு வரி எழுதிக் கொடுங்கள். எந்த மாத்திரை நின்றது, எது புதிது, மறுபடி எப்போது வர வேண்டும். அவ்வளவு போதும்.

இன்னொன்று. இன்று பல தோட்டங்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர் நம்மோடு வேலை செய்கிறார்கள். நோவு வந்தால் அவர்களுக்குச் சொல்லத் தெரிவதில்லை. மலாய் நன்றாகப் பேசத் தெரிந்த நம் ஆட்கள் மருந்தகம்வரை துணைக்குப் போய் இரண்டு வார்த்தை பேசி உதவலாம். ஒரு காலத்தில் மொழி தெரியாமல் இந்த மண்ணில் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் அல்லவா நாம்?

நாம் அந்தப் பேராக் தோட்டத்தைவிட்டுப் புறப்படும் நேரம். மருந்தகத்து வாசலில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். காலில் கட்டு இல்லை. மடியில் அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று. பேத்தியின் கையெழுத்தில் பெயர் எழுதியிருந்தது.

“என்னம்மா இது?” என்றோம்.

“என்னோட பிங்க் புத்தகம் தம்பி! வயசு போன காலத்துல எனக்கும் ஒண்ணு!” என்று சொல்லிவிட்டு, பொக்கை வாயால் சிரித்தார்.

டிரசரின் நீள நோட்டில் வலது பக்கம் இனிமேலாவது நிறையட்டும். இன்றைக்கே வீட்டில் அந்த டின்னைத் திறந்து பாருங்கள். உள்ளே டிரசருக்குப் போய்ச் சேர வேண்டிய தாள் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், நாளைக்காலை அதை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போங்கள்.